மூன்றாவது கியரில் மெர்சிங்

ரஞ்சன் வேலைக்கு ஓட்டுவது பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள இரட்டை மாடிப் பேருந்து. அறுபது கிலோமீட்டருக்கு மேல் அது போகாது, போகவும் விடமாட்டார்கள். பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி மிதித்துவிட்டால் உள்ளே பொருத்தியிருக்கும் பெட்டி மேலிடத்தில் கோள் சொல்லிவிடும். ஐம்பத்தோரு வயதில் ஒரு பெட்டிக்குப் பயந்து நல்ல பிள்ளையாக சிராங்கூன் சாலையில் ஊர்ந்துகொண்டிருப்பவனுக்கு, வீட்டில் வேறு ஒரு வண்டி இருந்தே ஆக வேண்டும். இருந்தது.

வெள்ளை நிற ஸ்விஃப்ட் ஸ்போர்ட். பார்த்தால் சந்தைக்குக் கறிகாய் வாங்கப் போகும் குடும்ப வண்டி. ஆறு கியர், கையால் மாற்றுவது. நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும்தான் அதற்குள் ஒரு குறும்புக்காரன் உட்கார்ந்திருப்பது தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் அதை வாங்கி வந்தபோது மனைவி லீலா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ பேச்சு?" என்று கேட்டாள். மறுநாள் லிம் சூ காங் சாலையில் ஒருமுறை இரண்டாவது கியரில் இழுத்துக் காட்டினான். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் காருக்கும் ஆயுள் ரேகை உண்டு. பத்து வருடம் முடிந்தால் உடைக்கக் கொடுக்க வேண்டும், அல்லது உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் அதோடு சரி. யார் காலில் விழுந்தாலும் ஆறாவது வருடம் கிடைக்காது. ரஞ்சன் அந்த ஐந்து வருடத்தை வாங்கினான். விலையைக் கேட்காதீர்கள், அவன் மனைவியே கேட்கவில்லை.

ஐந்து வருடத்துக்குள் லீலா மறுபடியும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மெர்சிங் வரை வர வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயணம் உண்டு. பொங்கோல் வீட்டிலிருந்து விடியும்போதே கிளம்பி, உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி மலேசியாவுக்குள் போய், ஜொகூரில் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, கோத்தா திங்கி வழியாக மெர்சிங். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கி வளைந்து போகும் பழைய சாலை அது. மகள் அனுப்ரியா பின்சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். மெர்சிங்கில் கடலைப் பார்த்துக்கொண்டு பொரித்த மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டு, உருப்படியாக எதுவும் செய்யாமல் திரும்பிவிடுவார்கள். அந்த ஞாயிறுகளை நினைத்தால் ரஞ்சனுக்கு இப்போதும் வயிற்றுக்குள் இதமாக இருக்கும்.

வழி சொல்வது லீலாவின் வேலை. போனில் ஜிபிஎஸ் போடக்கூடாது. "அந்தப் பொம்பளை பேசுனா நான் எறங்கிக்கிறேன்" என்று முதல் பயணத்திலேயே சட்டம் போட்டுவிட்டாள். அதனால் சாலையில் வரும் அத்தனை பலகைகளையும் அவளே படிப்பாள். ஊர்ப் பெயர் மட்டுமல்ல, டுரியான் கடை, டயர் கடை, பள்ளிவாசல் கட்டட நிதி, காணாமல் போன பூனை வரைக்கும் படிப்பாள். வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகை வந்தால் குரலை உயர்த்தி, "அவாஸ்! குராங்கான் லாஜு!" என்று போலீஸ்காரி மாதிரி அதட்டுவாள். எச்சரிக்கை, வேகத்தைக் குறை என்று மலாயில் எழுதியிருப்பதை அப்படியே ரஞ்சனுக்கு இட்ட கட்டளையாக மாற்றிவிடுவாள். பேருந்தில் ஒரு பெட்டி, காரில் ஒரு லீலா என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அந்தக் குரல் இல்லாமல் அந்தச் சாலை அவனுக்கு ருசிக்காது.

கடைசிப் பயணம் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று கோத்தா திங்கியில் மெர்சிங் போகத் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்கள். லீலா பலகையைப் படிக்கவில்லை. முப்பது கிலோமீட்டர் தவறான பாதையில் போன பிறகுதான் ரஞ்சனுக்குப் புரிந்தது. "தூங்கிட்டியா? ஒரு போர்டு படிக்க முடியலயா?" என்று கத்தினான். "ஆமா, தூங்கிட்டேன்" என்றாள் லீலா. திரும்பி வரும்போது அவள் எந்தப் பலகையையும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் ஒரு காரணம் தயாராக இருந்தது. தலை சுற்றுகிறது. அந்த வளைவெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி முன்ன மாதிரி இல்லை, தூக்கித் தூக்கிப் போடுகிறது. ரஞ்சன் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க, தலைதான் சுத்துது" என்று முடித்துவிட்டாள். மகளும் படிப்புக்காக பெர்த் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வீட்டிலேயே இருந்தார்கள்.

ஓட்டுநரிடம் போய் வண்டி சரியில்லை என்று சொன்னால் அவன் வேறெதை யோசிப்பான்? ரஞ்சன் வண்டியைத்தான் யோசித்தான்.

காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அஹமது கபீர், ரஞ்சனோடு தேசிய சேவையில் ஒரே வாகனப் பிரிவில் இருந்தவன். ராணுவ லாரியின் எஞ்சினையே கொஞ்சிக் கொஞ்சிப் பேசி ஓடவைத்த ஆள். வெளியே வந்து முப்பது வருடமாக அதையே தொழிலாகச் செய்கிறான். ஒரு வியாழக்கிழமை, காலைப் பணி முடித்த கையோடு ரஞ்சன் அவன் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினான். இணையத்தில் பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியல். இரண்டு பக்கம் இருந்தது.

கபீர் அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்து அவன் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தான்.

"மச்சான், இது கார் லா, கல்யாணச் சீர் இல்ல. எதுக்கு இதெல்லாம்? யாரோட ரேஸ் ஓடப் போற?"

"ரேஸ் இல்ல. லீலா மெர்சிங் வரணும்."

"அதுக்கு எஞ்சின்ல என்னா செய்யணும்?"

ரஞ்சன் விளக்கினான். வளைவில் ஏறும்போது எஞ்சினுக்கு இழுவை பத்தவில்லை. மூன்றாவது கியரில் திணறுகிறது, இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. இறக்கினால் ஒரு குலுக்கு, ஏற்றினால் ஒரு குலுக்கு. அதில்தான் அவளுக்குத் தலை சுற்றுகிறது. மூன்றாவது கியரிலேயே வெண்ணெய் மாதிரி மெர்சிங் வரை போக வேண்டும்.

கபீருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வருகிறவர்கள் எல்லாம் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்றுதான் கேட்பார்கள். உச்சத்தில் ஏழாயிரம் சுற்றில் கிடைக்கும் பத்துக் குதிரையைப் பற்றிக் கனவு காண்பார்கள், சிங்கப்பூரில் ஏழாயிரம் சுற்றுக்கு இடம் எங்கே இருக்கிறது என்று யோசிக்கமாட்டார்கள். இவன் கேட்பது நடுவயிற்றுச் சக்தி, மூவாயிரம் சுற்றில் வரும் இழுவை.

முதலில் வண்டியை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, உண்மையில் எவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறது என்று அளந்தான். திரையில் கோடு சோர்ந்துபோய் ஏறியது. "பத்து வருஷத்துல கிழடு தட்டிருச்சு. உன்ன மாதிரி" என்றான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும், உள்ளே படிந்திருக்கும் கரியை எடுக்க வேண்டும், அதிலேயே பாதி இளமை திரும்பிவிடும். எஞ்சினின் கம்ப்யூட்டரைத் திருத்தி ரீமேப் செய்யலாம், டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் பெரிதாக ஒன்றும் வராது, ஆனால் நடுவில் நன்றாக நிரவித் தரலாம். குலுக்கலுக்கு எஞ்சினைத் திட்டிப் பயனில்லை, ஷாக் அப்சார்பர்தான் போய்விட்டது. காற்று வடிகட்டியைத் திறந்த மாதிரியாக மாற்றுவது வீண்.

"அதுல சத்தம் மட்டும்தான் வரும். சத்தத்த வெச்சு என்னா செய்யப் போற?"

"எக்ஸாஸ்ட்?"

கபீர் வண்டியை லிஃப்டில் தூக்கி, சைலன்சரைக் கையால் தட்டினான். அதன் மேல் இருந்த வெப்பத் தடுப்புத் தகடு கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தம் ரஞ்சனுக்குத் தெரியும். மெதுவாகப் போகும்போது, பாத்திரம் கழுவும் தொட்டியில் கரண்டி உருள்வது போலக் கேட்கும். நாலைந்து வருடமாக அப்படித்தான்.

"இந்தத் தகரத்த வெச்சுக்கிட்டு எப்டிடா ஓட்டுற? கேவலமா இல்ல?" என்றான் கபீர். "முழுசா மாத்திரு. சர்ட்டிபிகேட் உள்ளது வெச்சிருக்கேன், இன்ஸ்பெக்ஷன்ல பிரச்சன வராது. இழுவையும் கொஞ்சம் கூடும், சத்தம் நல்லா கனமா, மரியாதையா இருக்கும்."

ரஞ்சன் ஒத்துக்கொண்டான். பிளக், கரி, ரீமேப், மிருதுவான ஷாக் அப்சார்பர், புது எக்ஸாஸ்ட். நாலு நாள் வேலை.

கழற்றிய பழைய சைலன்சரை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரிஜினல் பாகத்தைத் தூக்கிப் போடக்கூடாது என்பது இந்த ஊர் வண்டிப் பைத்தியங்களின் முதல் சட்டம். என்றைக்காவது சோதனைக்கோ, கடைசியில் உடைப்பதற்கோ வண்டியைப் பழையபடி ஆக்க வேண்டிவரும். அதற்கென்றே அரசாங்கம் வீட்டுக்கு வீடு இரும்புக் கதவு போட்டு பாம் ஷெல்டர் கட்டிக் கொடுத்திருக்கிறது என்று ரஞ்சன் சொல்வான். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளும் அறை. ரஞ்சன் வீட்டில் குண்டு விழுந்தால் ஒளிய இடம் கிடையாது. முறுக்குப் பிழியும் அச்சு, தீபாவளி விளக்குச் சரம், அனுப்ரியாவின் பழைய பரதநாட்டியச் சலங்கை எல்லாவற்றையும் நகர்த்தி சைலன்சரை நிற்கவைத்தான். லீலா கடையில் இருந்தாள். வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது, செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்பதற்கு மேல் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. வண்டியைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தி அசத்த வேண்டும் என்று நினைத்தான்.

லீலா டன்லப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையில் இருபது வருடமாக வேலை பார்த்தாள். ரவிக்கை தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று தேக்கா வட்டாரத்தில் பேர் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், மெஷினில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று சொல்லி, துணி எடுத்துக் காட்டும் வேலைக்கு மாறிக்கொண்டாள். ரஞ்சனுக்குக் காலைப் பணி இருக்கும் நாட்களில், மாலை ஆறரைக்கு அவன் வந்து தெருமுனையில் அவளை ஏற்றிக்கொள்வான். அவன் வண்டியை நிறுத்தும் முன்பே அவள் நடைபாதையிலிருந்து இரண்டடி முன்னால் வந்திருப்பாள். கதவைத் திறந்து ஏறிவிடுவாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்க வாய்ப்பே தரமாட்டாள்.

இங்கே ரஞ்சனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் நல்ல ஓட்டுநர். வேகத்தில் அல்ல, ஆட்களைப் பார்ப்பதில். அவனுடைய தடத்தில் ஒரு சீன மூதாட்டி தினமும் காலையில் ஏறுவார். பார்வை இல்லாதவர். வெள்ளைக் கோலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நிறுத்தத்தில் சுவரோரமாக நின்று, பேருந்து வரும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தாடையைக் கொஞ்சம் தூக்கிக் கேட்பார். ரஞ்சன் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேருந்தின் எண்ணைச் சத்தமாகச் சொல்லி, "குட் மார்னிங், ஆன்ட்டி" என்பான். அவர் முகம் உடனே மலர்ந்து தலை நேராகும். அதற்காகவே அந்த நிறுத்தம் அவனுக்குப் பிடிக்கும்.

வண்டி தயாரான நாள் செவ்வாய்க்கிழமை. காக்கி புக்கிட்டிலிருந்து வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது கியரில் போட்டு, காலைப் பட்டும் படாமலும் வைத்தாலே இழுத்தது. சாலையில் இருந்த மேடுபள்ளமெல்லாம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் வாங்கி வந்த அன்றைக்கு இருந்த குஷி அவனுக்குத் திரும்பிவிட்டது. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே தனியாகச் சிரித்தான்.

டன்லப் ஸ்திரீட் முனையில் லீலா நின்றுகொண்டிருந்தாள். பச்சைப் புடவை, தோளில் பை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, கடைகளில் விளக்குகள் எரிந்தன. ரஞ்சன் அவளுக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் வண்டியை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கினான். வேண்டுமென்றே பேசாமல், பல்லைக் காட்டிக்கொண்டு கையை ஆட்டினான்.

லீலா அசையவில்லை.

கோபமாக இருக்கிறாளோ என்று நினைத்தான். விளையாட்டாக ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். எக்ஸாஸ்ட் கபீர் சொன்னபடியே கனமாக உறுமியது. லீலா பயந்து, ஒரு கையால் பின்னாலிருந்த தூணைத் தேடிப் பிடித்து, அதோடு ஒட்டிக்கொண்டாள். தெருவில் அடுத்து வரும் வண்டிக்காகத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தாடையைக் கொஞ்சம் தூக்கிக் கேட்டாள்.

அந்தத் தலைச் சாய்ப்பை அவன் தினமும் காலையில் பார்க்கிறான்.

ரஞ்சனுடைய சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோனது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவனுக்கு அது காதிலேயே ஏறவில்லை. அவன் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனான். கிட்டே போய் நின்று, பேருந்தில் சொல்வது போலவே மெதுவாகச் சொன்னான். "லீலா. நான்தான்."

அவள் தலை நேராகியது. முகம் மலர்ந்தது, உடனே வாடியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

வண்டியை பஃபலோ சாலைப் பக்கம் கொண்டுபோய் ஓர் ஓரமாக நிறுத்தினான். லீலா கைப்பையைத் திறந்து, சின்னப் பவுடர் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு கண் மருந்துக் குப்பியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"கண்ணுல பிரஷர். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. சைடுல ஒண்ணும் தெரியாது. நேரா பார்த்தா தெரியும், அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தா. மருந்து ஒழுங்கா ஊத்துனா இதுக்கு மேல போகாம புடிச்சு வெச்சிரலாம்னு டாக்டர் சொல்றாங்க. போனது போனதுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அனுவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கடையில சக்திக்கு மட்டும் தெரியும். ஊசியில நூல் கோத்துக் குடுத்தது அவதான்."

கூட வேலை பார்க்கிற பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியவில்லை. ரஞ்சனுக்கு வலித்தது. லிஃப்டில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பது, தேக்கா சந்தையில் தள்ளுவண்டிகளில் இடித்துக்கொள்வது, படியில் அவனை முன்னால் போகச் சொல்வது எல்லாம் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. எண்பது பேரை ஏற்றிக்கொண்டு, ஆறு கண்ணாடிகளில் மாறி மாறிப் பார்த்து ஓட்டுகிறவன் அவன்.

"கோத்தா திங்கியில…" என்று ஆரம்பித்தான்.

"போர்டு வந்துச்சுன்னே எனக்குத் தெரியலங்க. எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள தாண்டிருச்சு. நீங்க தூங்கிட்டியான்னு கேட்டீங்க. ஆமான்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

ரஞ்சன் குப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க? பாவம்னு பக்கத்துல உக்கார வெச்சுட்டு, ஜிபிஎஸ் பொம்பளகிட்ட வழி கேட்டுருப்பீங்க. அதுக்கு நான் எதுக்கு?"

அவள் சொன்னது உண்மை, அப்படித்தான் செய்திருப்பான். சந்தையிலிருந்து வருகிறவர்கள் கீரைக்கட்டும் பூவுமாக வண்டியைத் தாண்டிப் போனார்கள்.

"அப்ப தினமும் எப்டி வண்டியக் கண்டுபுடிச்ச?"

லீலாவுக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம வண்டிதான் தூரத்துலயே சொல்லுமே. தகரம் கடகடன்னு ஆடிக்கிட்டு வரும். அது கேட்டா ரெண்டு அடி முன்னால வந்துருவேன். வெள்ளக் கார்தான் ஊரெல்லாம் ஓடுது, தகரம் ஆடுற வெள்ளக் கார் நம்மளோடதுதான். இன்னிக்கு ஆறே முக்கால் வரைக்கும் கேட்டுக்கிட்டே நின்னேன். வரவே இல்ல."

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ரஞ்சன் பாம் ஷெல்டரைத் திறந்து சைலன்சரை வெளியே எடுத்தான். இந்த முறை லீலாவையும் அழைத்துக்கொண்டு காக்கி புக்கிட் போனான்.

பழைய எக்ஸாஸ்டைத் திரும்ப மாட்டச் சொன்னதும் கபீர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "பைத்தியமா? இழுவ கொறையும் மச்சான். நான் வேணும்னா சத்தத்த கொறச்சுத் தரேன்."

"சத்தம் கொறையக் கூடாது. அந்தத் தகடு ஆடணும்."

"ஆடணுமா?" கபீருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "முப்பது வருஷமா தொழில் செய்றேன் லா. என் கடையிலேருந்து தகரம் ஆடிக்கிட்டு ஒரு வண்டி வெளிய போனா, காக்கி புக்கிட்டே சிரிக்கும்."

ரஞ்சன் அவனைத் தனியாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னான். கபீர் கேட்டுக்கொண்டே கைகளைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு வந்து லீலாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. நீங்க சொல்லுங்க, நான் வைக்கிறேன்" என்றான்.

அன்று நடந்ததுதான் உண்மையான டியூனிங் என்று ரஞ்சன் பிற்பாடு சொல்வான். சைலன்சர் ஏறியது. கபீர் லிஃப்டுக்குக் கீழே நின்று தகட்டின் திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பினான். ரஞ்சன் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டான். லீலா கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இல்ல, இது ரொம்ப மெல்லிசா இருக்கு."

"இப்ப?"

"இது வேற யாரோ வண்டி மாதிரி இருக்கு."

"இப்ப பாருங்க."

லீலா கண்ணைத் திறந்தாள். "இதான்" என்றாள். "இது நம்மளோடது."

கபீர் தகடு எந்தக் காலத்திலும் கழன்று விழாதபடி அதை ஒரு கம்பியால் பாதுகாப்பாகக் கட்டினான். பிறகு திருகாணியின் மேல் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டான். அடுத்த முறை எந்த மெக்கானிக்காவது மனச்சாட்சிக்குப் பயந்து இறுக்கிவிடக்கூடாது என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், ரஞ்சன் கார் நிறுத்தும் கட்டடத்திலிருந்து வண்டியை இறக்கிக்கொண்டு வந்தான். லீலா அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்றிருந்தாள். வண்டி திருப்பத்தைத் தாண்டும் முன்பே நடைபாதையிலிருந்து இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "லேட்டு" என்றாள்.

பாலத்தைத் தாண்டினார்கள், ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். கோத்தா திங்கி சாலை வந்ததும் ரஞ்சன் மூன்றாவது கியரில் போட்டான். வண்டி மேட்டில் சிரமமில்லாமல் ஏறியது. புது ஷாக் அப்சார்பர்கள் வளைவுகளை மென்று விழுங்கின. லீலாவுக்குத் தலை சுற்றவில்லை, எப்போதுமே சுற்றியதில்லை. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகைகள் இரண்டு பக்கமும் வந்து வந்து போயின, ஒன்றையும் யாரும் படிக்கவில்லை. ரஞ்சனுக்கு அது பொறுக்கவில்லை.

"டுரியான் கம்போங், நாட்டு டுரியான் கடை" என்றான்.

லீலா திரும்பினாள்.

"பக்கத்துல டயர் கடை. ரெண்டு வாங்குனா ஒண்ணு இலவசம், மூணு டயர வெச்சு எவன் வண்டி ஓட்டுவான்னு தெரியல. அந்தப் பக்கம் பள்ளிவாசல், இன்னும் கட்டி முடிக்கல. மஞ்சள் போர்டு வருது. அவாஸ், குராங்கான் லாஜு."

"போர்டு சொல்லுதுல்ல, கொறைங்க" என்றாள் லீலா. குரலில் அதே அதட்டல்தான்.

அவன் வேகத்தைக் குறைத்தான். கோத்தா திங்கி சந்திப்பு வந்தது. பெரிய பச்சைப் பலகை. ரஞ்சன் அதை ஒரு எழுத்து விடாமல் படித்தான். மெர்சிங் எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர், சாலையின் எண் என்ன என்று எல்லாவற்றையும் படித்தான். சரியாகத் திரும்பினான். செம்பனைத் தோட்டங்கள் ஆரம்பித்தன. சந்தோஷத்தில் அவனுக்கு வாய் நிற்கவில்லை. பலகை, கடை, பாலம், ஆற்றின் பெயர், சுவரில் ஒட்டியிருந்த விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் படித்துக்கொண்டே போனான்.

லீலா அவன் கை மேல் கையை வைத்தாள்.

"கொஞ்சம் மெதுவா படிங்க" என்றாள். "நான் பாக்க வேணாமா?"